வினாக்குறிக்குக் குறியீடு இல்லை

பெங்களூரு எலக்ட்ரானிக் சிட்டியில் உள்ள ஓர் அலுவலகத்துக்குள் கைபேசியோ காகிதமோ பேனாவோ கொண்டுசெல்ல இயலாது. எல்லாவற்றையும் வாயிலருகே இருக்கும் பெட்டகத்தில் வைத்துப் பூட்டிவிட்டு உள்ளே சென்று அமரும் அவளுக்கு, நாள்தோறும் முதல் வேலை அமெரிக்காவில் முன்பின் அறியாத எவரோ ஒருவருடைய மருத்துவக் குறிப்பேட்டைத் திறப்பதுதான். மருத்துவர் எழுதியதைப் படித்து, ஒவ்வொரு நோயறிதலுக்கும் உரிய குறியீட்டைப் பதிவு செய்வது அவள் பணி. ஊரில் யாரேனும் கேட்டால் ‘மெடிக்கல் கோடிங்’ என்பாள். கணினி நிரல் எழுதுகிறாள் என்று அவர்கள் புரிந்துகொள்வார்கள். அவள் திருத்துவதில்லை. கும்பகோணத்தில் நுண்ணுயிரியல் படித்தவளுக்கு அந்தப் படிப்பைப் பெயரளவுக்கேனும் பயன்படுத்தும் வேலை பெங்களூரில்தான் கிடைத்தது.

அவள் திறக்கும் குறிப்பேடுகளில் அடிக்கடி காணப்படும் ஒரு வகை இது: முழங்கால் அறுவை முடிந்த இரண்டாம் நாள். நோயாளியின் இரத்த வெள்ளையணு எண்ணிக்கை ஒரு கன மில்லிமீட்டருக்கு 14,200. இயல்பு வரம்பு 4,000 முதல் 11,000 வரை. எண்ணின் அருகே ‘எச்’ என்னும் எழுத்தைக் கருவியே தடித்த எழுத்தில் அச்சிட்டிருக்கிறது. மருத்துவர் அதைப்பற்றி ஒரு சொல்லும் எழுதவில்லை. பணியில் சேர்ந்த புதிதில் அவள் இத்தகைய இடத்தில் ‘டி 72.829’ என்று எழுதினாள். வெள்ளையணு மிகுதி, வகை குறிப்பிடப்படாதது என்பது அதன் பொருள். தணிக்கையாளர் அதைப் பிழையென்று குறித்துத் திருப்பி அனுப்பினார். எண் உண்மை, வரம்பு உண்மை, மிகுதியும் உண்மை. பிறகு பிழை எங்கே என்று அவளுக்கு விளங்கவில்லை.

அமெரிக்கக் குறியீட்டு வழிகாட்டு நெறிகள் இதில் ஐயத்துக்கு இடம் வைக்கவில்லை. ஆய்வக முடிவு இயல்புக்கு மாறாக இருப்பதாலேயே உள்நோயாளியின் பதிவில் அதற்குக் குறியீடு இடக்கூடாது. அம்மாற்றத்துக்கு மருத்துவப் பொருள் உண்டென்று சிகிச்சை அளிப்பவர் தம் கையால் எழுதியிருக்க வேண்டும். அவர் எழுதாமல், ஆனால் மேற்கொண்டு சோதனைகளையோ மருந்தையோ பரிந்துரைத்திருந்தால், குறியீட்டாளர் அவரிடம் கேட்கலாம். தாமாக முடிவு செய்யக்கூடாது.

இந்நெறியின் நியாயம் அவளுக்குச் சில மாதங்களில் புலப்பட்டது. வெள்ளையணு எண்ணிக்கை உயர்வதற்குக் காரணங்கள் பல. தொற்று ஒன்று. அறுவையின் அதிர்ச்சி மற்றொன்று. ஸ்டீராய்டு மருந்து, புகைப்பழக்கம், கருவுற்றிருத்தல், கடும் உடலுழைப்பு, இறுதியாக இரத்தப் புற்று. ஒரே 14,200 இவற்றுள் எதுவாகவும் இருக்கலாம். எதுவுமின்றி மறுநாளே தணிந்தும் போகலாம். எண்ணை அளப்பது கருவி. அதற்குப் பொருள் தருவது நோயாளியைக் கண்ட மருத்துவர். இரண்டுக்கும் இடையில் அமர்ந்திருப்பவள், கருவி சொன்னதை மருத்துவர் சொன்னதாக மாற்றிவிடலாகாது.

பொருள் கூறப்பட்டுவிட்டால் இடங்கள் பல இருக்கின்றன. நிணவணுக்கள் மிகுந்தால் டி 72.820. முதிராத நியூட்ரோஃபில்கள் மிகுந்தால் டி 72.825. புற்றைப் போலத் தோன்றிப் புற்றாக இல்லாத பெருமிகுதிக்கு டி 72.823. குறைவு என்று மட்டும் எழுதினால் டி 72.819; புற்றுநோய் மருந்தால் நியூட்ரோஃபில் குறைந்தது என்று எழுதினால் டி 70.1. நிமோனியா என்று மருத்துவர் எழுதிவிட்டால், அந்நோயோடு வழக்கமாக வரும் வெள்ளையணு மிகுதிக்குத் தனிக் குறியீடு வேண்டியதில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் பத்தாம் திருத்தப் பட்டியலில் இவற்றுள் பல டி 72.8 என்னும் ஒரே கூரையின்கீழ் அடங்கும். அமெரிக்கப் பதிப்பு அவற்றைத் தனித்தனி அறைகளாகப் பிரித்திருக்கிறது. 2020 அக்டோபர் 1 முதல் ஈசினோஃபில் மிகுதிக்குரிய டி 72.1 கூட அங்கே பல கிளைகளாகிவிட்டது.

வெள்ளையணுக்களின் பெயரிடல் வரலாறே ஒரு பதிவுப் பூசலில் தொடங்கியது. 1845-ஆம் ஆண்டு எடின்பரோவில் ஜான் ஹியூஸ் பென்னட், மண்ணீரலும் கல்லீரலும் வீங்கி இறந்த ஒருவரின் உடலை ஆராய்ந்து, இரத்தமே சீழ்பிடித்து ஏற்பட்ட மரணம் என எழுதினார். அதே ஆண்டில், சில வாரங்களுக்குள், பெர்லினில் ருடால்ஃப் ஃபிர்ஹோ இத்தகைய மற்றொரு நோயாளியைக் குறித்து எழுதினார். இருவரும் கண்டது ஏறத்தாழ ஒன்றே. பென்னட் தாம் கண்டதற்கு ஒரு காரணத்தைச் சேர்த்துப் பெயரிட்டார். ஃபிர்ஹோவோ ‘வெண்ணிற இரத்தம்’ என்று மட்டும் எழுதினார். 1847-இல் அச்சொல்லையே கிரேக்கத்தில் வார்த்து ‘லுகேமியா’ என்றார். காரணம் தெரியாதபோது கண்ணுக்குத் தெரிந்ததோடு நிறுத்திக்கொண்ட பெயர் இன்றும் வாழ்கிறது. சீழ் என்ற விளக்கம் மறைந்துவிட்டது.

ஆயினும் குறியீட்டுப் பட்டியலில் ஃபிர்ஹோவின் அடக்கத்துக்கு எப்போதும் இடமில்லை. மருத்துவர்கள் உறுதியற்ற நோயறிதலுக்கு முன்னால் ஒரு வினாக்குறி இடுவார்கள். ‘? லுகேமியா’ என்றால், அதை நினைவில் வைத்திருக்கிறோம், இன்னும் முடிவு செய்யவில்லை என்பது பொருள். வினாக்குறிக்குக் குறியீடு இல்லை. எனவே அதை என்செய்வது என்று விதிகள் சொல்லியாக வேண்டும். அமெரிக்க நெறிப்படி வெளிநோயாளிக்கு ஐயத்துக்குரிய நோயைக் குறியிடக் கூடாது. அறிகுறியையோ சோதனை முடிவையோ மட்டும் குறியிட வேண்டும். உள்நோயாளிக்கோ, வீடு திரும்பும் நாளிலும் ஐயம் தீராமல் ‘இருக்கலாம்’, ‘சந்தேகம்’ என்று எழுதப்பட்டிருந்தால், அந்நோய் இருப்பதாகவே கொண்டு குறியிட வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் கையேடும் உள்நோயாளி விஷயத்தில் ஏறத்தாழ இதையே கூறுகிறது: வேறு தகவல் எதுவும் இல்லையெனில், சந்தேகிக்கப்பட்ட நோயை உறுதிப்பட்டதாகவே கொள்க.

இதற்கும் ஒரு நியாயம் உண்டு. ஒரு நோயைச் சந்தேகித்து மருத்துவமனை செய்யும் சோதனைகளும் செலவும், அந்நோய் இருந்திருந்தால் ஆகியிருக்கக்கூடியவற்றோடு பெரிதும் ஒத்தவை. புள்ளிவிவரத்துக்கும் கட்டணத்துக்கும் அது போதும். விதி யாருக்காக எழுதப்பட்டது என்பதை நினைவில் கொண்டால் அது பிழையானதும் அன்று. ஆனால் அந்த விதியைக் கடக்கும் ஒவ்வொரு தாளிலும் ஒரு வினாக்குறி அழிகிறது என்பதை அவள் கவனித்திருந்தாள். கவனித்தும் கடந்துபோனாள். நாளொன்றுக்கு இத்தனை குறிப்பேடுகள், 95 விழுக்காடு துல்லியம் என்று அளக்கப்படும் பணியில் அதற்குமேல் நின்று நோக்க நேரமில்லை.

எண்ணிலிருந்து பெயருக்குத் தாவுவதில் பணமும் உண்டு. 1991-இல் கூடிய அமெரிக்க வல்லுநர் குழுவின் வரையறையில், 12,000-க்கு மேற்பட்ட அல்லது 4,000-க்குக் குறைந்த வெள்ளையணு எண்ணிக்கை, உடல்தழுவிய அழற்சிக்கான நான்கு அளவுகோல்களுள் ஒன்று. நான்கில் இரண்டு பொருந்தி, தொற்றும் இருந்தால் அது செப்சிஸ். 2016-இல் வெளிவந்த புதிய வரையறை அவ்வழியைக் கைவிட்டு, உறுப்புகளின் செயலிழப்பை முன்னிறுத்தியது. ஆகவே ஒரே நோயாளி ஒரு வரையறைப்படி செப்சிஸ் உடையவர், மற்றதன்படி வெறும் சிறுநீர்த் தொற்று உடையவர். செப்சிஸ் என்றால் மருத்துவமனைக்குக் கிடைக்கும் தொகை கணிசமாக உயரும். ‘செப்சிஸ் என்று எழுதலாமா?’ என மருத்துவரைத் தூண்டும் ஆசை இங்கேதான் பிறக்கிறது.

அவ்வாசையைத் தடுக்கவே ‘குவெரி’ எழுதும் முறைக்கு நெறிகள் வகுக்கப்பட்டுள்ளன. மருத்துவரிடம் விளக்கம் கேட்கும் கடிதம் அது. அதில் நோயாளியின் பதிவிலுள்ள தடயங்களை விடாமல் எழுத வேண்டும். ஒரே விடையை நோக்கி அவரைத் தள்ளக் கூடாது. கட்டணம் கூடும் அல்லது குறையும் என்ற குறிப்பே இருக்கக் கூடாது. விடைகளைக் கொடுத்தால் ‘பிற’ என்பதும் ‘தீர்மானிக்க இயலவில்லை’ என்பதும் அவற்றோடு இருக்க வேண்டும். அவள் இப்படிப்பட்ட குவெரிகளை நூற்றுக்கணக்கில் எழுதியிருக்கிறாள். புதிதாய்ச் சேர்வோருக்கு இதைக் கற்பிக்கும் பொறுப்பும் ஐந்தாம் ஆண்டில் அவளுக்கு வந்தது. ‘உனக்கு விடை தெரிந்திருந்தாலும் கேள்வியை மட்டும் எழுது’ என்பாள்.

அந்த ஆண்டில்தான் அவள் தந்தை கும்பகோணத்தை விட்டு அவளோடு வந்து தங்கினார். தாய் மறைந்த பிறகு அவரைத் தனியே விட மனமில்லை. கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தராக இருந்து ஓய்வுபெற்றவர், வயது 61. வந்த இரண்டாம் மாதத்தில் இருமல் தொடங்கியது. பகலில் ஒன்றுமில்லை. நள்ளிரவுக்குப் பின் எழுந்து அமர்ந்து விடியும்வரை இருமுவார். மூச்சில் விசில்போல் ஓர் ஒலி கேட்கும். பெங்களூர்க் குளிரும் பூந்துகளும் புதிதாக வருவோருக்கு ஆஸ்துமாவைத் தரும் என்பது ஊரறிந்த பேச்சு. அக்கம்பக்கத்தார் சொன்னார்கள்; தெருமுனை மருத்துவரும் சொன்னார்; அவளும் நம்பினாள். மூன்று மாதம் இன்ஹேலர். எடை ஆறு கிலோ குறைந்தது. ஒரு விடிகாலையில் மூச்சுத் திணறிய நிலையில் அவரைத் தனியார் மருத்துவமனை ஒன்றில் சேர்த்தாள்.

அன்று மாலை வந்த இரத்த அறிக்கையில் வெள்ளையணு எண்ணிக்கை 32,400. அதில் ஈசினோஃபில் 68 விழுக்காடு. இயல்பாக ஆறு விழுக்காட்டைத் தாண்டாத அணு அது. கேஸ் ஷீட்டில் பயிற்சி மருத்துவர் எழுதியிருந்தார்: ஈசினோஃபில் பெருமிகுதி, ? லுகேமியா. அவர் எழுதியது முறையானதே. அத்தனை பெரிய எண்ணைக் கண்டால் இரத்தப் புற்றை நினையாதவர் நல்ல மருத்துவர் ஆகார்.

காப்பீட்டு முன்னனுமதிப் படிவத்தை நிரப்பியது வேறொரு மேசை. அப்படிவத்தில் தற்காலிக நோயறிதலுக்கு ஒரு கட்டமும் அதற்கான குறியீட்டுக்கு ஒரு கட்டமும் உண்டு. கையொப்பமிட அவளிடம் நீட்டப்பட்ட தாளில் முதல் கட்டத்தில் ‘லுகேமியா’ என்றும், இரண்டாவதில் ‘சி 95.9’ என்றும் தட்டச்சாகியிருந்தது. வகை குறிப்பிடப்படாத இரத்தப் புற்று. வினாக்குறி மேசை மாறும்போதே விழுந்துவிட்டது. அவளுக்கு அந்தக் குறியீட்டை யாரும் விளக்கத் தேவையில்லை. படிவங்களில் நூறுமுறை கண்ட ஐந்து குறிகள். தந்தையின் பெயருக்கு நேரே அவற்றைக் கண்டபோது, கையெழுத்திட வேண்டிய இடம் அவளுக்குச் சற்று நேரம் தெரியவில்லை.

கையெழுத்திட்டாள். மறுத்தால் சிகிச்சை தாமதமாகும்.

மூன்றாம் நாள் நோயியல் மருத்துவர் இரத்தத் தடவலை நுண்ணோக்கியில் கண்டு அறிக்கை தந்தார். ஈசினோஃபில்கள் யாவும் முதிர்ந்தவை. புற்றில் காணப்படும் முதிரா அணுக்கள் இல்லை. ஐயம் தளர்ந்தது, ஆனால் தீரவில்லை. மூச்சுத்திணறல் குறைந்திருந்ததால் மறுநாள் வீட்டுக்கு அனுப்பலாம் என்றார்கள். எலும்பு மச்சைச் சோதனையைப் பின்னர் வெளிநோயாளியாக வந்து செய்துகொள்ளலாம். டிஸ்சார்ஜ் சம்மரியின் வரைவில் இறுதி நோயறிதல் என்ற தலைப்பின்கீழ் அதே சொற்கள் நின்றன: ஈசினோஃபில் பெருமிகுதி, ? லுகேமியா.

வேறு எவருடைய மகளும் அதைப் படித்துவிட்டு வினாக்குறியில் ஆறுதல் கொண்டிருப்பாள். விதியை அறிந்தவளுக்கு அந்த ஆறுதல் கிட்டவில்லை. உள்நோயாளி வீடு திரும்பும் தாளில் எஞ்சிய வினாக்குறி, குறியீட்டு மேசையை அடைந்ததும் முற்றுப்புள்ளி. அதன்பின் அது காப்பீட்டு நிறுவனத்தின் கோப்புக்குப் போகும். அடுத்த பாலிசியில் முன்பே இருந்த நோய் என்று எழுந்து நிற்கும். அதே பெங்களூரில் தேசிய நோய்த் தகவலியல் மற்றும் ஆராய்ச்சி மையம் இருக்கிறது. 1980-களின் தொடக்கத்தில் உருவான தேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டுத் திட்டத்தை நடத்துவது அதுவே. அத்திட்டத்தின் பதிவேட்டுப் பணியாளர்கள் மருத்துவமனைகளுக்கு நேரில் சென்று நோயியல் அறிக்கைகளைப் பார்த்தே ஒரு புற்றைப் பதிவு செய்கிறார்கள். காப்பீட்டுக் கோப்புக்கு அத்தகைய காவலர் இல்லை.

மருத்துவரிடம் சென்று ‘அந்தச் சொல்லை எடுத்துவிடுங்கள்’ என்று கேட்டால் எடுத்திருப்பார். அதைக் கேட்க அவள் எழுந்தும் போனாள். நடைபாதையின் நடுவில் நின்றாள். விடையைத் தீர்மானித்துவிட்டு மருத்துவரின் கையொப்பத்தைக் கேட்பது, செப்சிஸ் என்று எழுதச் சொல்வதிலிருந்து எவ்வாறு வேறுபடும்? மேலும், அது லுகேமியாவாகவே இருந்தால்? அழிக்கச் சொல்லும் உரிமை அவளுக்கு ஏது?

திரும்பிவந்து தந்தையின் படுக்கையருகே அமர்ந்து, மருந்துக்கடை ரசீதின் பின்புறத்தில் அவள் ஒரு குவெரி எழுதினாள். அலுவலக முறைப்படியே எழுதினாள். வெள்ளையணு 32,400, ஈசினோஃபில் 68 விழுக்காடு. தடவலில் முதிரா அணுக்கள் இல்லை. மார்பு எக்ஸ்ரேயில் இரு நுரையீரலிலும் நுண்புள்ளிகள். இருமல் இரவில் மட்டும். எடைக் குறைவு. அடுத்ததாக நோயாளியின் வாழிடம் என்ற வரியில் கேஸ் ஷீட்டைப் பார்த்து எழுதப்போனபோது, அதில் பெங்களூரு முகவரி இருப்பதைக் கண்டாள். சேர்க்கைப் படிவத்தை நிரப்பியவள் அவளேதான். தன் வீட்டு முகவரியையே எழுதியிருந்தாள். தந்தை அந்நகரில் வாழ்ந்தது ஐந்து மாதம். அதற்குமுன் அறுபது ஆண்டுகள் எங்கே வாழ்ந்தார் என்பது அந்த மருத்துவமனையின் எந்தத் தாளிலும் இல்லை. ‘கும்பகோணம்’ என்று எழுதினாள். இறுதியில், ‘இக்கண்டறிதல்களுக்குரிய நோயறிதலைத் தங்கள் மதிப்பீட்டின்படி பதிவுசெய்ய வேண்டுகிறேன்; தீர்மானிக்க இயலாதெனில் அவ்வாறே குறிப்பிடவும்’ என்று முடித்தாள்.

மூத்த மருத்துவர் அதை இருமுறை படித்தார். பிறகு தந்தையின் பக்கம் திரும்பி, கன்னடம் கலந்த தமிழில் கேட்டார். ‘சார், உங்க ஊர்ல யானைக்கால் நோய் ஜாஸ்தி அல்லவா? வருஷா வருஷம் மாத்திரை கொடுப்பாங்களே, சாப்பிட்டீங்களா?’ தந்தை மகளைப் பார்த்தார். பிறகு மெல்ல, ‘வாங்கி வெச்சுக்குவேன் டாக்டர். எனக்குத்தான் ஒண்ணும் இல்லையேன்னு சாப்பிடறதில்லை’ என்றார்.

அந்தக் கேள்விக்குப் பின்னால் பழைய வரலாறு ஒன்று இருந்தது. அது பெங்களூரிலிருந்து ஏறத்தாழ 120 கிலோமீட்டர் தொலைவில், இன்றைய ஆந்திர மாநிலத்து மதனப்பள்ளியை அடுத்த ஆரோக்கியவரம் காசநோய் மருத்துவமனையில் தொடங்கியது. அங்கே பணியாற்றிய டேனிஷ் மருத்துவர் ஃபிரிமோட்-மோல்லரும் பார்ட்டனும், காசநோயாளர் என்று கருதத்தக்க சிலரிடம் காசநோய் இல்லாதிருப்பதைக் கண்டனர். நுரையீரலில் நிழல்கள் இருந்தன, இருமல் இருந்தது. இரத்தத்தில் ஈசினோஃபில் மிகுந்திருந்தது. 1940-இல் ‘இந்தியன் மெடிக்கல் கெசட்’ இதழில் அதை ஈசினோஃபிலியாவோடு கூடிய போலிக் காசநோய் நிலை என்று எழுதினார்கள். காரணம் தெரியாத நிலையில் அவர்களும் ஃபிர்ஹோவைப் போலக் கண்டதை மட்டும் பெயராக்கினர். 1943-இல் வைங்கார்ட்டன் ‘லான்செட்’ இதழில் அதற்கு வெப்பமண்டல ஈசினோஃபிலியா என்று பெயர் சூட்டினார். அக்காலத்தில் ஆர்செனிக் கலந்த ஊசிமருந்தே சிகிச்சை. 1959-இல் சிங்கப்பூரில் டி. ஜே. தனராஜும் அவருடைய கூட்டாளிகளும், அந்நோயாளிகளின் இரத்தத்தில் ஃபைலேரியாப் புழுவுக்கு எதிரான எதிர்ப்பொருள் இருப்பதைக் காட்டிக் காரணத்தை நெருங்கினர். பின்னாளில் மலாயாப் பல்கலைக்கழக மருத்துவப் புலத்தின் முதல் தலைவரானவர் அவர். யானைக்கால் நோயைத் தரும் அதே புழு. இந்நோயாளிகளின் இரத்தத்தில் புழுவின் குஞ்சுகள் பொதுவாகத் தென்படா. உடல் அவற்றை நுரையீரலில் பிடித்துப் போரிடுகிறது. ஈசினோஃபில் பெருக்கம் அந்தப் போரின் அடையாளம்.

எதிர்ப்பொருள் சோதனையும் ஐஜிஇ சோதனையும் எழுதப்பட்டன. இரண்டும் மருத்துவரின் ஐயத்துக்குத் துணைநின்றன. மூன்று வாரத்துக்கு டைஎத்தில்கார்பமசைன். 2004 முதல் நாடு முழுவதும் யானைக்கால் ஒழிப்புக்காக ஆண்டுதோறும் வீடு தேடி வழங்கப்பட்ட மாத்திரைகளுள் முதன்மையானது அதுவே. கும்பகோணத்து வீட்டு அலமாரியில் தகர டப்பாவுக்குள் ஆண்டுக்கணக்கில் சேர்ந்திருந்த மருந்து, பெங்களூரில் விலைக்கு வாங்கப்பட்டது. ஒரு வாரத்தில் தந்தை இரவு முழுவதும் உறங்கினார்.

டிஸ்சார்ஜ் சம்மரி இரண்டு நாள் தாமதமாக வந்தது. இறுதி நோயறிதல்: வெப்பமண்டல நுரையீரல் ஈசினோஃபிலியா. குறியீடு ஜே 82. அப்பகுதிக்குப் பட்டியல் தரும் முழுப்பெயர், ‘வேறிடத்தில் வகைப்படுத்தப்படாத நுரையீரல் ஈசினோஃபிலியா’. காரணம் இன்னதென்று அறியப்பட்டு அறுபதாண்டுகள் கடந்த பின்னும், அந்நோய் ‘வேறிடத்தில் வகைப்படுத்தப்படாத’ கூட்டத்தோடுதான் நிற்கிறது. வகைப்பாடுகளைப் பற்றி ஜெஃப்ரி பௌக்கரும் சூசன் லீ ஸ்டாரும் 1999-இல் எழுதிய நூல், இந்த நோய்ப் பட்டியலையே விரிவாக ஆராய்கிறது. எந்த வகையிலும் அடங்காதவற்றை இட்டுவைக்கும் எஞ்சிய வகைகள் அதில் முக்கிய இடம் பெறுகின்றன. அவ்வகைகளைக் குறைபாடு என்று எண்ணுவது மாணவர்க்கு எளிது. ஒருவகையில் அவையே பட்டியலின் நேர்மையான பகுதி. தெரியாததைத் தெரியாதென்று சொல்ல அங்கே ஓர் இடமாவது இருக்கிறது. டி 72.829 அத்தகைய ஓரிடம். மிகுதி, வகை தெரியாது. அன்று முன்னனுமதிப் படிவத்தில் ஈசினோஃபில் மிகுதிக்குரிய டி 72.1 என்று எழுதியிருந்தால் போதும். அது முழு உண்மையாக இருந்திருக்கும்.

காப்பீட்டு நிறுவனம் ஒரு விளக்கம் கேட்டது: தற்காலிக நோயறிதல் இரத்தப் புற்று, இறுதி நோயறிதல் நுரையீரல் நோய், வேறுபாடு ஏன்? மருத்துவர் இரண்டு வரியில் பதில் எழுதித் தந்தார். தொகை ஐந்து வாரத்தில் வந்தது. முன்னனுமதிப் பதிவில் உள்ள சி 95.9-ஐ நீக்க இயலுமா என்று அவள் எழுதிக் கேட்டாள். இறுதி நோயறிதல் புதுப்பிக்கப்பட்டுவிட்டது, முந்தைய பதிவை மாற்ற வசதி இல்லை என்று விடை வந்தது. மருத்துவரின் அந்த இரண்டு வரிக் கடிதத்துக்கு மூன்று படிகள் எடுத்து, வீட்டுப் பத்திரங்களோடு வைத்திருக்கிறாள்.

அலுவலகத்துக்குத் திரும்பிய பின் அவள் பணியில் பெரிய மாற்றம் எதுவும் இல்லை. விதி அதே விதிதான். ஆயினும் டிஸ்சார்ஜ் தாளில் ‘இருக்கலாம்’ என்ற சொல்லைக் காணும் இடத்தில், குறியிடுமுன் குறிப்பேட்டின் முதல் பக்கத்துக்கு ஒருமுறை சென்று வருகிறாள். தடயங்கள் ஒன்றோடொன்று பொருந்தாவிடில் குவெரி அனுப்புகிறாள். நாளொன்றுக்கு இரண்டு குறிப்பேடுகள் குறைகின்றன. மாத இறுதியில் அதற்குக் கணக்குக் கேட்கிறார்கள். புதியவர்களுக்குக் கற்பிக்கும்போது ஒரு வரியைச் சேர்த்திருக்கிறாள்: நோயாளியின் முகவரி எங்கே என்று பாருங்கள், அதை நிரப்பியது யார் என்றும் கேளுங்கள்.

மூன்று மாதம் கழித்துத் தந்தைக்கு மறுபடி இரத்தச் சோதனை. வெள்ளையணு 8,600. ஈசினோஃபில் 8 விழுக்காடு. வரம்பைச் சற்றே தாண்டியிருந்ததால் அருகில் அந்தத் தடித்த எழுத்து. தந்தை மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு தாளைக் கூர்ந்து பார்த்தார்.

‘இங்க எச்-னு போட்டிருக்கே, அப்படின்னா என்னம்மா?’

‘கூடுதல்னு அர்த்தம்ப்பா.’

‘அது தெரியுது. எதனாலன்னு கேட்டேன்.’

‘அதை டாக்டர்தாம்ப்பா சொல்லணும்’ என்றாள்.